வேர்வையில் நனைந்த பனியன்

இன்று காலை மொட்டை மாடிக் கொடியிலிருந்து எடுத்த பனியன் சரியாகக் காயவில்லை. கையில் அந்த ஈரம் பட்டதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "ஏன்டா, துணி எடுத்துட்டு வரச் சொன்னா நீ காஞ்சுட்டு உக்காந்திருக்கியா?" என்று அம்மா கீழேயிருந்து கத்தினாள். நீ இருந்திருந்தால் பதிலுக்கு ஒன்று விட்டிருப்பாய்.

போன குளிர்காலத்தில் நாம் இமயமலை ஏறப் போனோமே, அங்கே குளிர் உடுப்பு வாடகைக்குக் கொடுத்த கடை நினைவிருக்கிறதா? வழிகாட்டி உள்ளே போட பாலியஸ்டர் சட்டையை நீட்டினார். பருத்தி வேண்டாம், வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், காற்றடித்தால் ஆளை முடித்துவிடும் என்றார். உன் அப்பாவின் பனியன் யூனிட்டில் வேலை பார்க்கும் பீகார்க்காரர்களிடம் நாம் பொறுக்கிய இந்திக்கு அவ்வளவு புரிந்தது.

நீ உங்கள் யூனிட்டில் தைத்த பனியனைத் தூக்கிக் காட்டினாய். "பனியன்லயே பனி இருக்குதுடா மாப்ள, நம்மள என்ன பண்ணிரும்? பாலியஸ்டர் போட்டன்னு தெரிஞ்சா எங்கப்பா ஊட்டுக்குள்ளயே உடமாட்டாரு." மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, மேலே ஜாக்கெட். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வெயிலுக்குத் துணி தைக்கிற ஊர்டா நம்முடையது. பருத்தி துரோகம் செய்யும் என்று நமக்கு யார் சொன்னார்கள்?

ஏறும்போது உனக்கு வேர்த்துக் கொட்டியது. மேலே போனதும் காற்று பிடித்துக்கொண்டது. இறங்கும்போது உன் பேச்சு குழறியது, கால் பின்னியது. "பையா, இதர் ஆவோ!" என்று வழிகாட்டியை அலறிக் கூப்பிட்டேன். வழிகாட்டி உன்னைப் பாறை மறைவில் கிடத்தி, ஈரப் பனியன்களைக் கத்தியால் கிழித்தெடுத்துவிட்டு, காய்ந்த கம்பளியைச் சுற்றினார். ஸ்ட்ரெச்சர் கொண்டுவரக் கீழே ஆள் அனுப்பினார். கைகாலைத் தேய்க்காதே, நெஞ்சோடு அணைத்துக்கொள், பேசிக்கொண்டே இரு என்றார்.

ஒரே ஸ்லீப்பிங் பேக்குக்குள் உன்னைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். தெரிந்த கடி ஜோக் அத்தனையும் போட்டேன். நம் கெமிஸ்ட்ரி சார் குரலில் உனக்கு வருகைப் பதிவு எடுத்தேன். பல் கிட்டிக்க, "த்தூ... மொக்க" என்றாய். அப்புறம் உன் நடுக்கம் நின்றது. தேறிவிட்டாய் என்று நினைத்து நிமிர்ந்தேன். வழிகாட்டியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"டேய், இன்னொருக்கா மொக்கைன்னு சொல்லுடா. திட்டுடா. உன்னக் கும்புடறன்டா."

உன் விரல்கள் ஜிப்பைத் தேடின. "சுடுதுடா மாப்ள. தொறந்து உடு."

உன் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். குளிர் உயிரைத் தின்று முடிக்கப் போகும் நேரத்தில் சிலருக்கு உடம்பு அப்படிச் சுடுவதாகத் தோன்றுமாம். வழிகாட்டிதான் பிறகு சொன்னார். ஸ்ட்ரெச்சர் வந்தபோது நீ இல்லை.

காரியம் முடிந்த அன்று உன் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, அவனுக்கு ரொம்பக் குளுந்துச்சா?"

"இல்லீங்கப்பா. கடைசீல சுடுதுன்னு சொன்னானுங்க."

"அப்படியா சாமி" என்றார். அத்தனை நாளில் அன்றுதான் அவர் முகம் கொஞ்சம் இளகியது.

இப்போதும் வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி அதையே கேட்கிறார். நானும் அதையே சொல்கிறேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆறுதலோடு வண்டியைக் கிளப்பிப் போகிறார். அந்தச் சூடு என்னவென்று என்றைக்காவது யாராவது அவரிடம் சொல்லிவிடுவார்களோ என்று, அவர் தெரு முனை திரும்பும்வரை எனக்கு மூச்சே வருவதில்லைடா.