டயர்க் காற்றுக்கு இருநூறு டாலர்

அன்புள்ள லொரேட்டா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? டகோட்டா குளிரிலும் நான் நன்றாகவே இருக்கிறேன், கவலைப்படாதே.

சனிக்கிழமை நம் பழைய டிரக்கைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கலாமென்று ஷோரூம் போனேன். மதிப்புப் போட வேண்டுமென்று கைல் என்ற விற்பனைக்காரன் நம் சாவியை வாங்கிக்கொண்டான். பிறகு பேசி முடித்த விலைக்கு மேல் ஆவணக் கட்டணம், பெயின்ட் பூச்சு என்று ஏற்றிக்கொண்டே போனான். டயரில் நைட்ரஜன் அடைத்ததற்கு மட்டும் இருநூறு டாலராம்!

"காத்துக்குக் காசா? பகல் கொள்ளையால்ல இருக்கு!"

"என் கையில எதுவும் இல்ல சார். மேனேஜர்கிட்ட உங்களுக்காகச் சண்டை போட்டுட்டு வரேன்."

இப்படியே மூன்று தடவை சண்டைக்குப் போனான். மூன்றாம் தடவை நான் கழிப்பறை தேடிப் போனால், மேனேஜர் அறையில் அவன் மட்டும் உட்கார்ந்து டோனட் தின்றுகொண்டிருக்கிறான்!

"சண்டை பலமா நடக்குதோ? என் சாவியைக் குடுடா!"

சாவியைக் காணோம், தேடுகிறோம் என்றார்கள். விற்பனைக்கு நின்ற புதுக் காரின் மேல் ஏறி உட்கார்ந்தேன். உடனே சாவி கிடைத்துவிட்டது; நம் பழைய டிரக்கிலேயே திரும்பிவிட்டேன்.

வேலைக்குக் கூட்டிப்போக எண்ணெய்க் கிணற்று வேன்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான். டிரக்கில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, கம்பளிக் காலுறை அனுப்பு. மதிப்புப் போடுகிறேனென்று உள்ளே இருந்ததையெல்லாம் வழித்தெறிந்துவிட்டார்கள். கியர் கம்பியில் நீ மாட்டிவைத்த ஹேர்பேண்டும் போயிற்று. அதுவும் ஒன்று அனுப்பு. புதிது வேண்டாம், நீ போட்டுக் கழற்றியதாக இருக்கட்டும்.

உன்
டுவெய்ன்