உத்தரத்துப் பீங்கான் குமிழ்கள்

ஜூன் 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கு எல்லாரும் நலம். பாப்பா தவழ ஆரம்பித்துவிட்டாள். நாற்காலிக் காலைப் பார்த்து முதலில் சிரிக்கிறாள், என்னைப் பார்த்து அப்புறம்தான்.

வேலைக்குத் திரும்பும் முன் உள்ளறையில் துணிக்கொடி கட்டிக் கொடுத்தீர்களே, உத்தரத்தில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் குமிழ்களில், அது என்ன குமிழ்? பக்கத்திலேயே உத்தரத்தைத் துளைத்துப் பீங்கான் குழாய் வேறு போகிறது. பாப்பாவின் ஈரத்துணி எல்லாம் அங்கேதான் காய்கிறது. வீட்டுக்காரர் உங்கள் சிநேகிதர்தானே, ஒரு வார்த்தை கேளுங்களேன்.

இப்படிக்கு,
பாப்பா அம்மா

ஜூன் 14

என் பயந்தாங்கொள்ளிக்கு,

அது திரைச்சீலை கட்டுகிற கொக்கிடி, அந்தக் காலத்து அலங்காரம். காலேஜ் படித்த மூளைக்குக் குமிழைக் கண்டாலும் பூதம்தான். இங்கே சைட்டில் தூசி, இருமல், மற்றபடி சுகம். பாப்பா போட்டோ அனுப்பு.

உன்னவன்

ஜூன் 23

பாப்பாவின் அப்பாவுக்கு,

கொக்கி இல்லைங்க. ஸ்டூல் போட்டு ஏறி, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு குமிழும் இரண்டு பாதி, நடுவில் ஸ்க்ரூ. பாதிகளுக்கு இடையில் துணி சுற்றிய கறுப்பு ஒயர் போகிறது. அதே ஒயர்தான் குழாய்க்குள்ளும் நுழைகிறது. மரத்தை ஒயர் தொடாமல் இருக்க வைத்த இன்சுலேட்டர்கள். துணி உதிர்ந்த இடத்தில் டெஸ்டரை வைத்தேன். அதன் விளக்கு எரிந்தது, கரண்ட் இருக்கிறது.

மெயினை அணைத்துவிட்டுக் கொடியை அவிழ்த்துவிட்டேன். புது ஒயர் இழுக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் நீங்கள் பேசுங்கள். நான் சொன்னால் சிரிக்கிறார்.

பாப்பா அம்மா

ஜூலை 2

கோபக்காரிக்கு,

நம்மை நம்பி வீட்டைக் கொடுத்தவன். இப்பவே குறை சொன்னால் அவன் முகம் சுண்டிப்போகும். வந்ததும் நானே பேசுகிறேன். அதுவரை அந்த ரூம் பக்கம் போகாதே, தீர்ந்தது கதை.

உன்னவன்

ஜூலை 9

உங்களுக்கு,

தவழுகிற பிள்ளைக்கு எது அந்த ரூம், எது இந்த ரூம் என்று தெரியாது.

நேற்று அக்கா வீட்டுக்கு வந்துவிட்டோம். சாவியை உங்கள் சிநேகிதரிடம் கொடுத்தேன். "அவன்கிட்ட சொல்லிட்டியாம்மா?" என்றார். "சொன்னேங்க" என்றேன். உங்கள் சட்டைகளை மடித்துத் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

கோபமா என்று கேட்பீர்கள். தெரியவில்லை. வண்டியில் வரும்போது அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பாப்பா தூங்கிவிட்டாள்.

எத்தனை நாள் என்று அக்கா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பாப்பா அம்மா