ஏர்கோனுக்குத் தைத்த உறை

12.8.1989, சனி, பிரிக்பீல்ட்ஸ்

அக்கா மகள் கவிதாவுக்கு இரண்டு மாதமாக இரவெல்லாம் இருமல். எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. இன்று அவள் படுக்கும் அறையைக் குளிர்விக்கும் ஏர்கோனைத் திறந்தேன். உள்ளே கன்னங்கரேலென்று பூசணம். அம்மா அதற்கும் டிவிக்குப் போல பூப்போட்ட உறை தைத்து, காலையில் நிறுத்தியதுமே மூடிவிடுகிறார். ஈரம் எப்படிக் காயும்?

"இந்த உறைதாம்மா பிள்ளைய இரும வைக்குது" என்றேன். பக்குவமாகச் சொல்லியிருக்கலாம்.

"பங்சார்ல ஊரான் வீட்டு ஏர்கோனெல்லாம் கழுவுறியே, நம்ம வீட்டுது இன்னிக்குத்தான் ஒன் கண்ணுக்குத் தெரிஞ்சிச்சா?"

ஏர்கோனைக் கழற்றிக் கழுவினேன்.

இரவு மணி பதினொன்று. கவிதா ஒருமுறைகூட இருமவில்லை. ஓர் இரவை வைத்து முடிவு சொல்ல முடியாதுதான். அம்மா மூன்றாவது தடவையாக வந்து அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறார்.

"மூச்சு வருதும்மா. போய்ப் படு."