வெளுத்த கோப்பை

பலெர்மோ, நவம்பர் 1996

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்பதை எழுதவேயில்லை.

இங்கே கால்சா என்கிற பகுதியில் ஒரு யப்பான் குடும்பத்தின் பட்டறையைக் கூட்டித் துடைக்கிறேன். தங்கள் ஊர் முறை மாறாமல் இளம்பச்சைப் பீங்கான் செய்கிறார்கள். சூளையை விட்டு வெளியே எடுத்த பிறகும் அவை 'டிங், டிங்' என்று ஒலிக்கும். மேற்பூச்சில் மயிரிழை வெடிப்புகள் விழுகிற சத்தம் அது. அதுதான் அழகாம்.

நேற்று அலுமாரியில் ஒரு கோப்பையைக் கண்டேன். வெடிப்பெல்லாம் மண்ணிறக் கறை. என் கை சும்மா இருக்குமா? வரெக்கீனா என்று இங்கே வெளுக்கிற தண்ணீர் இருக்கிறது. அதில் ஊறப்போட்டுப் புதிது போலாக்கி, கிழவர் முன்னால் வைத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிராட்சியே" என்று எனக்கு நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவருடைய மகள்தான் மெல்லச் சொன்னாள்: "அது செத்துப்போன அம்மாவின்ரை கோப்பை. அந்தக் கறை அவ குடிச்ச தேத்தண்ணி."

"ஐயோ, எனக்குத் தெரியாது பிள்ளை."

"ஓம், அது அப்பாவுக்கும் தெரியும்."

போன கடிதத்தில் உனக்குப் பெரிதாகப் புத்தி சொல்லியிருந்தேன். உன் கணவர் கடைசியாகக் கடலுக்குப் போகுமுன் கழற்றிப் போட்ட சாரத்தைத் தோய்த்து, கோயிலில் யாருக்காவது கொடு என்று. செய்யாதே. அது கொடியிலேயே கிடக்கட்டும். யார் என்ன சொன்னாலும் கிடக்கட்டும்.

ஏற்கெனவே தோய்த்துவிட்டாயென்றால், இந்தக் கடிதம் உனக்கு வரவேயில்லை.

உன் அக்கா