முன்னும் பின்னும் பார்

மண்ணூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு வாணிக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சுகம். நீயும் சுகமென்று போனில் சொல்கிறாய், சொல்லும் வேகத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றவில்லை, அதனால் எழுதியும் கேட்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, ஜப்பானில், உன் நகோயாவில் குளிர் குறைந்ததா. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடியில் தொட்டி வைத்து வெண்டை போட்டிருக்கிறார், இதுவரை நாலு காய்த்தது, நாலையும் போட்டோ எடுத்து ஊருக்கே அனுப்பியாயிற்று, உனக்கும் வந்திருக்கும். கம்பெனியில் எனக்கு அதே வேலைதான், உற்பத்தி லைனில் பாகங்களைப் பார்த்து எழுதித் தரும் குறைகளை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் அறிக்கையாக்குவது. போன வாரம் ஒரு கீறலுக்குச் சரியான சொல் அகப்படாமல் உட்கார்ந்திருந்தேன், சூப்பர்வைசர் பரசுராமன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இன்னா மேடம், நீங்க வார்த்தை தேடி முடிக்கறதுக்குள்ள அந்த பீஸு துருவே புடிச்சிடும் போல கீதே என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நாங்கள் அனுப்பும் பெட்டி அங்கே இறங்குமா திரும்பி வருமா என்பது அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். அமெரிக்கப் படிப்புக்கான தேர்வில் முதல் தடவை மதிப்பெண் போதவில்லை, இந்த மாதக் கடைசியில் இன்னொரு தடவை, அதிலும் வராவிட்டால் படிப்பை மறந்துவிடுவேன் என்றாய். வாக்கியத்துக்குப் பொருந்துற சொல்லைத் தேர்ந்தெடுக்கிற கேள்வியிலதான் மா விழறேன், சின்ன வயசுலேர்ந்தே நான் அதுல வீக்குதானே, நீ எழுதி வைப்பியே அந்தச் சீட்டெல்லாம் இருந்தா அனுப்பு என்றாய். செல்போனில் முப்பது நாளில் மூவாயிரம் சொல் என்று எதையோ மனப்பாடம் செய்வதாகவும் சொன்னாய். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. தனியாக நிற்கிற சொல் தன் பொருளைச் சொல்லும், எந்த வாக்கியத்தில் போய் உட்காரும் என்று சொல்லாது. எம்.ஏ. படித்த காலத்தில் நானும் பட்டியல் போட்டுப் படித்தவள்தான், ஒன்றுகூட நிற்கவில்லை, நின்றதெல்லாம் படித்த பக்கத்தோடு சேர்ந்து நின்ற சொற்கள்.

சீட்டுகளை பீரோவின் மேல்தட்டில் பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன். கம்பெனியில் வேண்டாமென்று ஒதுக்கிய ஆய்வுப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதியவை, ஞாபகம் இருக்கும். காலை ஆறு மணிக்கு கம்பெனி பஸ், நீ தூங்கிக்கொண்டிருப்பாய், கோடிட்ட இடத்தோடு ஓர் ஆங்கில வாக்கியமும் கீழே நாலு சொல்லும் எழுதி அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டு ஓடுவேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அகராதி பார்த்து பென்சிலில் நிரப்பி வைப்பாய். நான் வந்து சிவப்புப் பேனாவில் திருத்துவேன், தப்பென்றால் முன்னும் பின்னும் பார் என்று ஓரத்தில் எழுதுவேன். ஆடிட் நடக்கிற வாரங்களில் நாம் இருவரும் பேசிக்கொண்டதே அந்தச் சீட்டில்தான். ஒரு தடவை சிக்கனம் என்ற பொருளுள்ள சொல்லை நிரப்பிவிட்டுப் பக்கத்தில், அம்மா, தேங்காய் சட்னியில தேங்காய் எங்கே என்று எழுதியிருக்கிறாய். அதை வாசித்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் இது இன்னைக்கும் கேக்க வேண்டிய கேள்விதான் என்றார்.

அதற்கு நாலைந்து சீட்டுக்கு அடியில் ஒன்று இருந்தது. நீ எட்டாவது படித்த வருஷம். அந்த அம்மா இப்படிப்பட்டவள் என்று சொல்ல ஓர் இடம் விட்டு, யாரும் எழுவதற்கு முன் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவாள் என்று வாக்கியத்தை முடித்திருக்கிறேன். நான் எதிர்பார்த்த சொல் டிலிஜென்ட், அதாவது கருத்தாக உழைப்பவள். மற்ற மூன்றும் இடத்தை நிரப்பப் போட்டவை. நீ எழுதியது எலூசிவ். அதன் பக்கத்தில் அகராதியைப் பார்த்து, கண்ணில் பட்டும் கைக்கு அகப்படாத, என்று பொருளும் எழுதியிருக்கிறாய். நான் பெரிதாகத் தப்புப் போட்டு முன்னும் பின்னும் பார் என்று எழுதியிருக்கிறேன்.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது பக்கத்து வீட்டு மெர்சி, மாவரைக்க வாங்கிப்போன கிரைண்டர் கல்லைத் திருப்பித் தர வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. இன்னாக்கா, உனக்கு இன்னும் தெரியாதா, பாப்பா ஸ்கூல் வேனுக்கு ஏழரைக்குப் போனா போதும், ஏழு மணிக்கே கூட்டு ரோட்டுல போய் நின்னுகினு இருக்கும், உன் பஸ்ஸு ஊரெல்லாம் சுத்தி ஆளை ஏத்திகினு அந்தப் பக்கமாதானே போவும், கை காட்டும், நீ ஜன்னல்ல தலைய சாச்சி தூங்கிகினு போவியாம், அம்மா இன்னைக்கும் தூங்கிட்டாங்க ஆன்ட்டின்னு வந்து சொல்லும், உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு ஏசப்பா மேல சத்தியம் வாங்கிகிச்சு என்றாள். எத்தனை நாள் என்று கேட்டேன். அந்த வருசம் பூரா என்றாள்.

வாக்கியத்தைத் திரும்பப் படித்தேன். எழுதியது நான் என்பதை மறந்துவிட்டுப் படித்தால், எழுவதற்கு முன் கிளம்பிவிடுகிறவளுக்கு உன் சொல்தான் நன்றாகப் பொருந்துகிறது. உழைப்பவள் என்பது நானாக என்னைப் பற்றி நினைத்துக்கொண்டது, வாக்கியத்தில் அது இல்லை. முன்னும் பின்னும் பார்க்காதது நான்தான். அந்தத் தப்பை அடித்துவிட்டுப் பக்கத்தில் சரி போட்டு இன்றைய தேதியும் போட்டிருக்கிறேன். போட்டோ எடுத்து அனுப்பினால் போதாதா என்றார் அப்பா. தாள் உன் கைக்கு வர வேண்டும், அதனால்தான் கடிதம். மற்ற சீட்டுகளையும் எண்ணிப் பார்த்தேன், நூற்றுப் பதினேழில் நீ தப்பாக எழுதியவை ஒன்பது. பதிமூன்று வயதில் ஒன்பது. நீ அதில் வீக் என்று யார் சொன்னார்களோ எனக்குத் தெரியாது. நான் சொல்லியிருந்தால் அதையும் அடித்துவிடு.

பட்டியலைக் கொஞ்ச நாள் மூடி வை. தினம் ஒரு பக்கம் எதையாவது படி, தெரியாத சொல் வந்தால் அகராதிக்குப் போகுமுன் இதுவாக இருக்கும் என்று நீயே ஒன்று நினைத்துப் பார், உனக்கு அது வரும். தேர்வில் மதிப்பெண் வரவில்லையென்றாலும் நான் ஒன்றும் நினைக்கமாட்டேன், ஆனால் வராது என்று நினைத்துக்கொண்டு போகாதே.

என் பஸ் இப்போதும் ஏழே காலுக்குத்தான் கூட்டு ரோட்டைத் தாண்டுகிறது. இந்த வாரம் முழுக்க அந்த இடம் வரும்போது விழித்திருந்தேன். பிள்ளைகள் நிற்கிறார்கள், யார் வீட்டுப் பிள்ளைகளோ. வெள்ளிக்கிழமை ஒரு பெண் கை காட்டினாள், எனக்கில்லை, இருந்தாலும் நானும் காட்டினேன்.

எல்லாம் நல்லபடியாக நடக்கும், நீ நினைத்தது கைகூடட்டும், நோய்நொடி இல்லாமல் இரு. தேர்வுக்கு முதல் நாள் புத்தகத்தைத் தொடாமல் சீக்கிரம் படு. உறைக்குள் இருக்கும் சீட்டு மெல்லிய தாள், கிழியாமல் பிரி.

உன் அம்மா,
கலைமதி