ரிவர்ஸ் விழாத நாக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதியே பழகிய கை இன்றைக்குக் கொஞ்சம் தயங்குகிறது, அதனால் சுமார் என்று எழுதுகிறேன். உன் தம்பி வாரக் கடைசியில் வந்து அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டுப் போகிறான். மற்ற நாளெல்லாம் நான்தான். மாத்திரை, துணி துவைப்பது, கை கால் பயிற்சி, அது முடிந்தால் வாய்ப் பயிற்சி. உட்கார்ந்தால் எழுந்திருக்க உடம்பு வருவதில்லை, எழுந்தால் உட்கார நேரம் கிடைப்பதில்லை. இதைப் படித்துவிட்டு உடனே டிக்கெட் தேடாதே. போன வாரம் போனில் அழுதாயே, அப்பா பக்கவாதத்தில் படுத்திருக்கும்போது விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டேன், அந்தக் கோபத்தில்தான் என்னோடு பேசமாட்டேன் என்கிறார், மறைக்காம சொல்லும்மா என்று, அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வழியில்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா தூங்குகிறார் என்றேனே, அப்போதெல்லாம் அவர் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார், வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டு.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வருகிறாள், உன் வயதுதான் இருக்கும், கண்டிப்பான ஆள். சாப்பாட்டு மேஜையில் கண்ணாடியை நிறுத்தி முதல் நாளே எல்லாவற்றையும் விளக்கினாள். பேச்சு என்பது நெஞ்சிலிருந்து வருகிற மூச்சுதானாம். தொண்டையில் இரண்டு மெல்லிய மடிப்புகள் அதிர்ந்து அதற்குக் குரல் கொடுக்குமாம், கழுத்தில் கை வைத்து ஆ என்று சொல்லிப் பார், தெரியும். அந்த மூச்சை வாய் எங்கே மறிக்கிறது என்பதில்தான் எழுத்து இருக்கிறது. உதட்டை மூடித் திறந்தால் ப, நாக்கு பல்லில் முட்டினால் த, நுனி மேலே மடங்கினால் ட, நடு நாக்கு அண்ணத்தைத் தொட்டால் ச, அடி நாக்கு எழும்பிப் பின்னால் அடைத்தால் க. உதட்டை மூடி மூச்சை மூக்கு வழியாக விட்டால் ம. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு ம் சொல்லிப் பார்த்தேன், முட்டிக்கொண்டு நின்றதே தவிர வரவில்லை. இந்த வாயை வைத்துக்கொண்டு எத்தனை பேரைப் பற்றி வம்பு பேசியிருப்பேன், உள்ளே இவ்வளவு வேலை நடப்பது எனக்குத் தெரியாது. சின்ன வயதில் க, ச, ட, த, ப என்று ஒப்பித்தோமே, அதுவே தொண்டைப் பக்கம் தொடங்கி உதட்டில் முடிகிற வரிசையாம். அப்பாவுக்கு அது தலைகீழாகத் திரும்பி வருகிறது. முதலில் உதடு வந்தது, ப சொல்லும்போது வாய்க்கு முன்னால் பிடித்த காகிதம் ஆடியது. அப்புறம் த, ட எல்லாம் சுமாராக வந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூலில் காலம் முழுக்கக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அல்லவா, ஒவ்வொரு எழுத்து வந்ததும் நல்ல கையால் காற்றிலேயே ஒரு கியர் போடுவார். கடைசியாகக் கையைப் பின்னால் இழுத்து உதட்டைப் பிதுக்குவார், ரிவர்ஸ் விழவில்லை என்று அர்த்தம். க மட்டும் வரவில்லை.

அது வராததுதான் உன் கேள்விக்குப் பதில். மகளோட பேரச் சொல்லிப் பாருங்க, அது உதட்டுலயே வந்துரும் என்று அந்தப் பெண் சொன்னாள். உண்மைதான், உன் பெயர் உதடு என்கிற முன் வாசலிலேயே நிற்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடும்போது தவிர அவர் உன்னை அந்தப் பெயரால் கூப்பிட்டது உண்டா? ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கிறாய் என்று காக்கா ஆக்கினார், கல்யாணம் ஆன பிறகும் காக்காதான். வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போவாய், அப்பா கூப்பிட்டால் மட்டும் எந்த அறையிலிருந்தாலும் கா என்று பதில் கொடுப்பாய். இப்போது அவர் சொன்னால் ஆ ஆ என்று வெறும் காற்று வருகிறது. அதைக் கேட்டு நீ பயந்துவிடுவாயாம், முழுசாக வராமல் போனைத் தொட மாட்டாராம். கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. வீம்பு. அதை நீ யாரிடமிருந்து வாங்கினாய் என்று இனிமேல் என்னைக் கேட்காதே.

நேற்று ஸ்பூன் காம்பால் நாக்கு நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பயிற்சி நடந்தது. நுனியைக் கட்டிப்போட்டால் அடி நாக்கு வேறு வழியில்லாமல் எழும்புமாம். முக்கி முனகி, எச்சில் வழிய, திடீரென்று ஒரு க் வந்தது. தாழ்ப்பாள் விழுந்த மாதிரி சின்னச் சத்தம். அடுத்த கா வருவதற்குள் நான் காக்கா என்று கத்திவிட்டேன். அவர் ஸ்பூனைத் தூக்கி எறிந்தார். நீங்களே பேசினா அவர் நாக்கு எதுக்கும்மா வேலை செய்யணும் என்று அந்தப் பெண்ணும் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து ராத்திரி வரை அவர் வாய்க்கும் சேர்த்து நானே பேசிப் பழகிவிட்டேன், தண்ணியா, வலிக்குதா, ஃபேன் போடவா என்று. அப்பா என்னைச் சுட்டிக்காட்டி, ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி காட்டி, தன் புறங்கையிலேயே ஓர் அடி போட்டுக்கொண்டார். டிரைவிங் ஸ்கூலுக்குப் புதிதாக வருகிற மாஸ்டர்களை அவர் அப்படித்தான் திட்டுவார், படிக்கிறவன் திருப்பட்டும், உன் கை ஏன் அங்க போகுது என்று. எனக்கு அழுகை வந்தது. அசதியா, அவமானமா, அந்த ஒரு எழுத்து வந்த சந்தோஷமா, தெரியவில்லை.

சாயங்காலம் அவராகவே போனைக் காட்டி, காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையைக் காட்டினார். அதனால் கவனமாகப் படி. ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் வரும். எடுத்தால் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். லைன் சரியில்லை என்று வைத்துவிடாதே. அலோ அலோ என்று அவசரப்படுத்தாதே. மூச்சுச் சத்தம் கேட்கும், அது அப்பாதான், அடி நாக்கைத் தூக்கிக்கொண்டிருப்பார். அந்தச் சொல்லை நீ எடுத்துக் கொடுக்காதே. நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வேன், என் வாயை நம்ப முடியாது. பாதிதான் வரும், ஒருவேளை வெறும் ஆ தான் வரும். எது வந்தாலும் அவர் முடிக்கட்டும். முடித்த பிறகு உன் பதிலை நீ சொல், எப்போதும் சொல்கிற மாதிரி, படிக்கட்டு வரை கேட்கிற மாதிரி.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, மாப்பிள்ளையிடம் எரிந்து விழாதே. இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நல்லா இருக்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமையை மறக்காதே.

இப்படிக்கு,
வாயை மூடிக்கொள்ளப் பழகிக்கொண்டிருக்கும்
உன் அம்மா