இரண்டு ரிசீவர்களும் எட்டாவது கம்பமும்

ஜூலை 10, வியாழன்

நல்ல காற்று. மாடியில் காயப்போட்ட என் சீருடை பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தில். இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கும் இடங்களையும் விடமாட்டேன். புரியவில்லை என்றால் பக்கத்தில் பு.வி., அதாவது புரியாத விஷயம்.

அக்காவுக்கு ஞாயிறு அன்று சத்தியமங்கலத்தில் ட்ரோன் பந்தயம். கண்ணுக்குத் திரைக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, ட்ரோனின் கேமரா பார்ப்பதைப் பார்த்தே ஓட்டவேண்டும். ஜெயித்தால் கல்லூரி அணியில் இடம். போன மாதம் பறக்கும்போதே படம் புள்ளி புள்ளியாகிச் சுவரில் மோதிவிட்டாள். அதனால் புது ரிசீவர். ட்ரோன் அனுப்பும் படத்தை வாங்கிக்கொள்ளும் சின்னப் பெட்டி அது. கண்ணாடியில் சொருகுவது.

உக்கடத்தில் யூசுப் பாய் கடை. இரண்டு ரிசீவர் எடுத்து வைத்தார். "ரெண்டையும் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்க. பிடிச்சத வச்சுக்கிட்டு மத்தத சனிக்கிழமை சாயங்காலம் குடுத்துருங்க." எதுவும் எழுதி வாங்கவில்லை. எல்லோருக்கும் இப்படித்தானாம்.

குறிப்பெடுப்பது என் வேலை. நாங்கள் வைத்த பெயர்கள்:

கறுப்பு: ஒரு ஆன்டெனா.
நீலம்: இரண்டு ஆன்டெனா. எதில் படம் தெளிவோ அதைத் தானே எடுத்துக்கொள்ளும்.
காளான் ஆன்டெனா: எல்லாப் பக்கமும் வாங்கும். தூரம் குறைவு.
பலகை ஆன்டெனா: நேர் எதிரே மட்டும். தூரம் அதிகம்.

இது போக வலச்சுற்று, இடச்சுற்று. அலை திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டே வருமாம். ட்ரோன் ஆன்டெனாவும் கண்ணாடி ஆன்டெனாவும் ஒரே பக்கம் சுற்றவேண்டும். எதைச் சுற்றுகிறது? பு.வி.

அப்பா: "ஏனுங்க விஞ்ஞானி, சோறு திங்க நேரமிருக்குதுங்களா?"

ஜூலை 11, வெள்ளி

சாரல். கணக்குப் பரீட்சை சுமார். பள்ளி விட்டு நேராகக் கணபதி ஏரியாவுக்கு. அப்பாவின் மோட்டார் உதிரிப் பட்டறைக்குப் பின்னால் நீளமான காலி சைட். அதன் ஓரத்து மின்கம்பங்கள்தான் எங்கள் அளவுகோல்.

அக்கா கண்ணாடி மாட்டிக்கொண்டு கவிழ்த்த பெட்டிமேல். நான் வெறும் கண்ணால் ட்ரோனைப் பார்த்தபடி. லேத் ஓட்டும் செந்தில் அண்ணன் வாசலிலிருந்து, "அம்மணி, காக்காயாட்டமா இருக்குதுங்க. நெசக் காக்கா வந்து சண்டைக்கு நிக்கப்போவுது!"

கறுப்பு + காளான்: 5ஆம் கம்பம் வரை சுத்தம். 6இல் கோடு.
கறுப்பு + பலகை: 8 வரை சுத்தம். அக்கா தலையைத் திருப்பினால் போச்சு.

கூடத் தூரம் வருவது நல்லதா, திரும்பினாலும் படம் போகாதது நல்லதா? அக்காவைக் கேட்டேன். "அது தெரிஞ்சா நான் ஏன்டி ரெண்டு வாங்கியாரேன்?"

பேட்டரி தீர்ந்தது. நீலம் நாளை. ட்ரோன் ஆன்டெனா வலமா இடமா என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்துவைக்கச் சொன்னாள். எழுத்து அடியில் இருந்ததால் கழற்றிப் பார்த்தேன். R. வலம். படமும் வரைந்துவைத்தேன். பாதியில் அம்மா, துணி நனைகிறது என்று கூப்பிட்டாள். ஓடினேன்.

ஜூலை 12, சனி

காலை. வெயில். பட்டறை மேசையில் அக்கா பேட்டரி சொருகி, நீலத்தில் சேனல் தேடிக்கொண்டிருந்தாள். வெகுநேரம். பிறகு டீ வாங்கப் போனாள். பேனா எடுக்க என் பென்சில் டப்பாவைத் திறந்தால் உள்ளே ட்ரோன் ஆன்டெனா.

அவசரமாகத் திருகி மாட்டினேன். அடிப்பக்கம் விரல் வைக்க முடியாத சூடு. அக்கா வந்ததும் டப்பாவை மூடிவிட்டேன்.

நீலம் + காளான்: 3ஆம் கம்பத்திலேயே புள்ளி.
நீலம் + பலகை: 4.

"ஓட்டைப் பெட்டி! ரெண்டு ஆன்டெனா போடறதாமா, ரெண்டு! பாய்கிட்ட இது ரிப்பேர்னு சொல்லிக் குடுத்துப்போடலாம். கறுப்பே போதும்."

என் அட்டவணையும் அதையேதான் சொல்கிறது. அளந்ததெல்லாம் சரி. ஒன்றுகூடக் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. அப்புறம் ஏன் அதை அக்காவிடம் நீட்டாமல் மூடிவைத்தேன்?

மதியம். ட்ரோனோடு வந்த தாளைப் படித்தேன். ஆன்டெனா இல்லாமல் மின்சாரம் கொடுக்கவே கூடாதாம். படம் வெளியே போக வழியில்லாமல், ட்ரோனில் படத்தை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் சூடாகிக் கெட்டுவிடுமாம். அப்படியென்றால் நேற்று கறுப்பைச் சோதித்தது நல்ல டிரான்ஸ்மிட்டரில். இன்று நீலத்தைச் சோதித்தது கெட்டதில். அல்லது நீலம் நிஜமாகவே கெட்டதா? இரண்டுமா? பு.வி. பு.வி.

"கறுப்பை இன்னொருக்கா பாக்கலாமா அக்கா?"
"ஏனு? அதான் நேத்தே பாத்தாச்சே."
"ஒரே ஒருக்கா."

கறுப்பு + பலகை: 3. நேற்று எட்டு!

அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ரெண்டும் ஒண்ணா எப்படிக் கெட்டுப்போச்சு?"

சொல்லிவிட்டேன். கழற்றியது, டப்பா, சூடு, மறைத்தது. கடைசியில் அழுகை வந்ததால் வார்த்தை சரியாக வரவில்லை.

அக்கா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "பேட்டரி சொருகுனது நானு," என்றாள். "சொருகறதுக்கு முன்ன ஆன்டெனாவத் தொட்டுப் பாக்கோணும். அதான் மொதப் பாடம்." அப்படியானால் தப்பு யாருடையது? பாதிப் பாதியா? மறைத்தது முழுக்க என்னுடையது. அதைப் பற்றி அவள் பேசவே இல்லை.

பிறகு நீலத்தில் காளான், பலகை இரண்டையும் ஒன்றாக மாட்டிப் பார்த்தோம். 5ஆம் கம்பம். தலையைத் திருப்பியும் படம் போகவில்லை. கெட்ட டிரான்ஸ்மிட்டரிலேயே! காலையிலேயே ஏன் இரண்டையும் சேர்த்து மாட்டவில்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம். உக்கடம் போய்க் கறுப்பைத் திருப்பிக் கொடுத்தோம். பாயிடம் நானே சொன்னேன். "அட, நீலத்த ரிப்பேர்னு கொண்டாந்திருந்தா கம்பெனிக்காரன்கிட்ட நானில்ல சண்டைக்குப் போயிருப்பேன்!" என்று சிரித்தார். புது டிரான்ஸ்மிட்டர் திங்கள்தான் வருமாம்.

ஆக நாளை அக்கா இதே ட்ரோனில்தான். சத்தியமங்கலம் மைதானம் எத்தனை கம்ப நீளம் என்று யாருக்கும் தெரியாது.

சாமான்களை எடுக்க மறுபடி பட்டறை. லேத்தெல்லாம் நின்றுவிட்டது. அக்கா பெட்டியில் எல்லாம் அடுக்கிவிட்டு என்னைப் பார்க்காமலே, "காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பறோம். நீயும் வாரே," என்றாள்.

"நான் எதுக்கு?"

"ஒவ்வொருக்காவும் ஆன்டெனாவத் தொட்டுப் பாத்து, இருக்குதுன்னு சொல்லோணும். நீ சொன்னாத்தான் பேட்டரி சொருகுவேன்."

இது திட்டா? கேட்கலாமா என்று நினைப்பதற்குள் ஸ்கூட்டரை எடுக்கப் போய்விட்டாள். வெளியே ஹாரன் அடிக்கிறாள். ஷட்டர் பக்கத்திலிருந்து அப்பா, "போதுங் கண்ணு, மீதிய ஊட்டுல போய் எழுதிக்கலாம்," என்கிறார். ஒரு வரி, ஒரே வரி அப்பா என்றேன். லைட்டை அணைத்துவிட்டார்